துரியோதனன் வலது கால்

பதினேழாம் நாள் சாயங்காலம்
டேப்பை இழுத்து அளந்தார் முனிரத்தினம்.
தலை கோயில் பக்கம்தான், அதில் மாற்றமில்லை.
கிரீடம், மார்பு, வயிறு என்று
போட்டுக்கொண்டே வந்தால்
இடுப்போடு முடிந்துவிடுகிறது
அம்மன் பேரில் இருக்கும் நிலம்.

போன வருஷம்வரை அங்கே மாந்தோப்பு.
இவன் கால் நீட்டிப் படுத்தான்,
யாரும் கேட்கவில்லை.
இப்போது மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்கள்.
இடது கால் பாதைக்குள் அடங்கிவிடும்.
வலது கால்,
பீமன் அடிக்கவேண்டிய தொடை,
மனை எண் பதினான்கு.

"மடக்கிப் படுக்க வெச்சா என்ன?"
கேட்டவனை எல்லோரும் பார்த்த பார்வையில்
அவன் பீடி வாங்கப் போய்விட்டான்.

ஓசூரில் இருக்கிற மனைக்காரருக்கு
நான்தான் போன் போட்டேன்,
கணக்கு எழுதுகிறவன் என்பதால்.
சார், ஒரு கால் மட்டும். ஒரே ராத்திரி.
யாரோட கால் என்றார்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் ஃபேன் சுற்றுவது மட்டும் கேட்டது.
"ஊசிமுனை நிலம்கூடத் தரமாட்டேன்னவனுக்கா?"
சிரித்தாரா என்று தெரியவில்லை.
"கல்லைப் பிடுங்கினா
திரும்ப நட்டுடுங்க."

நாலு டிராக்டர் ஏரிமண்.
டிப்பர் ஓட்டுகிற திம்மராஜ்
கூத்துக்கு நடுவில், புஜக்கட்டையும் கிரீடமுமாக,
டார்ச் அடித்துத் தன் காலைத் தானே பார்த்தான்.
"கட்டைவெரல் சின்னதா இருக்குடா."
இன்னொரு கூடை மண் போட்டோம்.

விடிந்தது.
கதை விழுந்தது.
தொடைக்குள் புதைத்த குங்குமப் பானை உடைந்து
பதினான்காம் மனை சிவந்தது.
திரௌபதி தொட்டெடுத்துக் கூந்தல் முடிந்தாள்.

காந்தாரி வேஷம் சென்னகிருஷ்ணன்.
ஆவணியில் பிள்ளையை
பெங்களூர் ரோட்டில் விட்டவன்.
ஒப்பாரியில் நூறு பேர் பெயர் சொல்லும் இடத்தில்
லோகேசா
என்று வந்துவிட்டது.
மிருதங்கம் நிற்கவில்லை.
அடுத்த பெயருக்கு அவன் வர
ரொம்ப நேரம் ஆனது.

பிறகு பெண்கள் இறங்கினார்கள்.
முந்தானையில், டிபன் பாக்ஸில், ரேஷன் பையில்
தோளும் விலாவும் நெல்லுக்கு, ராகிக்கு என்று
வீடு போய்ச் சேர்ந்தன.
பதினொரு மணிக்கு
ஈரமாக ஒரு ஆள் வடிவம்,
அதன்மேல் நாய் ஒன்று.

கல்லை நட்டுவிட்டோம்.
நட்ட இடத்தில்தான் நட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பதினைந்தாம் மனைக்காரர்
சொந்த டேப்போடு வந்திருந்தார்.
ஒரு ஜாண் தள்ளியிருக்கிறதாம்.
செவ்வாய்க்கிழமை பஞ்சாயத்து,
நோட்டோடு என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஊசிமுனை அளவென்றால்
விட்டுக்கொடுத்திருப்பாராம்.