மூன்றாவது தட்டல்

நவம்பர் பாதி போய்விட்டது.
மிதவைப் பாலத்தை அடுத்த வாரம் கழற்றுவார்களாம்,
துறையில் அட்டை தொங்குகிறது.
பதினேழடி அலுமினியப் படகு,
ஒரு வாளி பச்சை நண்டு,
ஜூலையிலிருந்து பேசிக்கொள்ளாத இருவர்,
நான்.

அடெலினோவுக்குக் கெர்வின் தரவேண்டியது முந்நூறு டாலர்.
கெர்வினைக் கேட்டால் இருநூற்று நாற்பது.
அந்த அறுபது டாலர் இடைவெளியில்
நடுப்பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
"அவனிடம் கத்தரிக்கோல் கேள்."
"இதோ இருக்கிறது என்று சொல்."
கை நீட்டினால் எட்டும் தூரம்தான்.
நான் வாங்கி, நான் கொடுக்கிறேன்.

சகோனெட் முகத்துவாரம் தாண்டிப்
பாறைமேல் நங்கூரம் விட்டோம்.
வடமேற்குக் காற்று காதுமடலைக்
கிள்ளிக் கிள்ளிப் பார்க்கிறது.
கோடைக்காரர்களின் வெள்ளைப் படகுகள்
பிளாஸ்டிக் உறைக்குள் கரையேறிவிட்டன.
மிச்சம் நாங்களும் கடல் வாத்துகளும்,
தூரத்தில் கூடு தூக்கும் ஒரு சிங்கி இறால் படகும்.

நண்டின் காலை ஒடித்து, உடலைப் பாதியாய் வெட்டி,
முள்ளில் கோத்து, ஈயத்தை இறக்கி,
நரம்பில் விரல் வைத்துக் காத்திருக்க வேண்டும்.
டாடோக் அவசரப்படாத மீன்.
முதல் தட்டலில் விசாரிக்கும்.
இரண்டாவதில் ஓட்டை உடைக்கும்.
மூன்றாவதில் சுண்டி இழுக்க வேண்டும்.
முந்தினால் வெறும் முள்;
பிந்தினால் பாறை இடுக்கில் புகுந்து பூட்டிக்கொள்ளும்,
ஈயமும் போச்சு, முள்ளும் போச்சு.
இது எனக்குத் தெரியாது, என் விரலுக்குத் தெரியும்,
அதுவும் பத்துக்கு நாலு தரம்.

முதல் மீன் எனக்கு.
கரி பூசிய உடம்பு, வெளுத்த தாடை,
தடித்த உதட்டுக்குள்
மனுஷப் பல். நிஜமாகவே.
நான் பல் மருத்துவமனையில் காறை சுரண்டுகிறவள்.
பழக்கதோஷம், உதட்டை விலக்கிப் பார்த்தேன்.
முன்பற்கள் நாலும் துருத்தி,
உள்ளே அம்மி மாதிரி ஒரு மேடை,
ஒரு சொத்தை கிடையாது.
பதினைந்தரை அங்குலம்.
அரை அங்குலம் குறைவு.
அளவுகோலைத் திருப்பி வைத்தேன்,
வாலைக் குவித்து வைத்தேன்.
"போடு தண்ணியில்" என்றார்கள் இருவரும்
ஒரே மூச்சில்.
பிறகு ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அப்புறம் கடித்தது பார், ஒரு மணி நேரம்!
யாருக்கும் பேச நேரமில்லாததால்
பேசாமலிருப்பது தெரியவே இல்லை.

ஓட்டம் மாறியதும் எல்லாம் நின்றது.
கிளம்பலாமென்று கயிற்றை இழுத்தால்
நங்கூரம் வரவில்லை.
அடெலினோ இழுத்தான்.
இஞ்சினை முடுக்கி வட்டமடித்தான்.
திரும்ப இழுத்தான், போர்த்துகீசில் திட்டினான்.
கடைசியில் கெர்வின் எழுந்து
அவன் கைக்குப் பின்னால் கை வைத்தான்.
இரண்டு கனத்த ஆண்களும் முன்னால் சாய,
படகின் மூக்கு தண்ணீரை முகர்ந்தது.
நான் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு
பின்பலகைக்குத் தவழ்ந்தேன்.

"வெட்டிடு" என்றான் கெர்வின்.
நேராக, அவன் முகத்தைப் பார்த்து.
"நங்கூரம் உன்னோடது."
"தெரியும். அறுபத்தெட்டு டாலர். ரசீது இருக்கு."
அடெலினோ கொஞ்ச நேரம் கடலில் கணக்குப் போட்டான்.
"அப்போ அறுபது கழிஞ்சது.
எட்டு டாலர் நான் தரணும்."

யாரும் சிரிக்கவில்லை.
கத்தரிக்கோல் மட்டும்
என்னைத் தாண்டி
நேராகப் போனது.

கரை வரை முகத்தில் உப்புத் தெறிப்பு.
ஒன்பது மீன், மூன்று பங்கு;
பெரியது யார் பையில் போனதென்று
இன்றுவரை தகராறு,
இப்போது உரக்கவே.

திங்கட்கிழமை.
எலுமிச்சை தேய்த்தேன், பற்பசை தேய்த்தேன்,
காப்பித்தூள்கூடத் தேய்த்தாயிற்று.
கையுறைக்குள் நண்டு வாசம் போகவில்லை.
நாற்காலியில் திருமதி ப்ரூயெட்.
"வாயைத் திறங்க."
முன்பற்கள் லேசாகத் துருத்தல்.
கருவியின் நுனியால் தட்டினேன்,
ஒன்று,
இரண்டு,
மூன்றாவதற்கு முன்
கையை எடுத்துவிட்டேன்.