தட்டிப் பார்த்தது

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால்
சிந்தா மதார் பாயின் கடையில்
கிரிக்கெட் மட்டைகளுக்கு நடுவே
ஒரே ஒரு பேஸ்பால் மட்டை
கறுப்பாய் நின்றது,
கல்யாண வீட்டில் யாரையும் தெரியாத ஆள் மாதிரி.

"காம்போசிட் அண்ணாச்சி. கார்பன் நாரு.
மெட்ராஸ்ல ஒரு பையன் ஒரு சீசன் ஆடுனது.
புதுசுன்னா முப்பதாயிரம்.
ஒங்களுக்குப் பதினொண்ணு."

அக்ஸிலின் அதைத் தொடவில்லை.
விலை காதில் விழுந்ததும்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.
பதின்மூன்று வயதுக்கு என் சம்பளம்
அவளுக்கு மனப்பாடம்.

முப்பது அங்குலம், இருபது அவுன்சு,
கழித்தால் பத்து.
அந்தப் பத்துதான் கணக்கு என்று
பி.டி. டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார்.
பத்துக்குக் குறைந்தால் மட்டை கனக்கும்,
பந்து போன பிறகு கை வரும்.
பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்கட்டும்,
முப்பது எண்ணுவதற்குள் தோள் நடுங்கினால் வாங்காதிய.

நீட்டினாள். எண்ணினேன்.
இருபத்தெட்டில் திசையன்விளை பஸ் ஹாரன் அடிக்க
எண்ணிக்கை தவறி
மறுபடி ஒன்றிலிருந்து.
அப்போதும் மட்டை அசையவில்லை.
அவள் உதடுதான், லேசாக.

எனக்கு மட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது.
நாருக்குள் பசை ஊறி இறுகிய சாமானைத் தெரியும்.
பணகுடிக்குத் தெற்கே
காற்றாலை இறக்கைகளில் கயிறு கட்டித் தொங்கி
பதினாறு வருஷமாக அதைத்தான் தட்டுகிறேன்.
முழுசாக இருந்தால் ணங் என்னும்.
உள்ளே அடுக்கு விட்டிருந்தால்
பொத்.
மேலே பெயிண்டு
ஒன்றும் நடக்காத மாதிரி மினுங்கும்.

சட்டைப் பையிலிருந்து
இரண்டு ரூபாய்க் காசை எடுத்தேன்.
"என்ன அண்ணாச்சி, தேங்காயா வாங்குதிய?"

நுனியில் ணங்.
ஒரு விரற்கடை கீழே ணங்.
கால் வட்டம் திருப்பினேன், ணங்.
எழுத்துக்கு நேர் பின்புறம்,
பந்து படுகிற இடத்துக்குச் சற்றே கீழே
பொத்.
மறுபடி,
பொத்.

பாய் காதை வைத்துக் கேட்டார்.
"எனக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் கேக்கு."

எனக்கும் அப்படிக் கேட்ட நாள் ஒன்று உண்டு.
ஆடி மாதம். சாயங்காலம் ஐந்தே முக்கால்.
நாற்பத்தேழாம் நம்பர் டவர்.
கீழே வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.
பொத் என்றதை
ணங் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
ஒன்பதாம் நாள் ராத்திரி
பாதி இறக்கை
வாழைக்குள் கிடந்தது.
ஆள் சேதமில்லை. எண்பது வாழை, குலை தள்ளினது.
கம்பெனி மின்னல் என்று எழுதிக்கொண்டது.
வாழைக்காரர் துரைப்பழம்
இன்றும் என்னைக் கண்டால் டீ சொல்லுவார்.
குடிப்பேன்.

கடையில் அதைச் சொல்லவில்லை.
"இது வேண்டாம்" என்றேன்.

அக்ஸிலின் குரலைத் தாழ்த்தினாள்.
"துட்டு இல்லன்னா இல்லன்னு சொல்லுங்கப்பா.
அதுக்கு ஏன் தட்டித் தட்டிக் குறை சொல்லுதிய?"

காசை அவள் கையில் கொடுத்தேன்.
கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள்.
கீழே இறங்கி, திருப்பி,
அந்த இடத்தில் விரல் நின்றது.
மூன்று தடவை அதே இடம்.
பிறகு பாயைப் பார்த்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.

கடைசியில் வாங்கியது அலுமினியம்.
நாலாயிரத்து இருநூறு.
பச்சை, அவளுக்கு ஆகாத நிறம்.
சரியாகப் படாவிட்டால்
உள்ளங்கையில் தேள் கொட்டும் என்ற பாய்
ஒரு ஜோடி கையுறையை மேலே வைத்தார்,
அதற்குத் துட்டு வாங்கவில்லை.
கறுப்பு மட்டையை
பழைய இடத்திலேயே சாத்தினார்.

வள்ளியூர் தாண்டியதும்
ரோட்டுக்கு இரண்டு பக்கமும் காற்றாலைகள்.
மட்டையை மடியில் குறுக்கே போட்டுக்கொண்டு
ஜன்னல் வழியே எண்ணிக்கொண்டு வந்தவள் கேட்டாள்:
"பொத்துன்னு கேட்டா
நீங்க எப்பவும் சொல்லிருவியளாப்பா?"

பஸ் கண்ணாடி காற்றுக்குத் தடதடத்தது.
டிக்கெட்டைத் தேடுவதுபோல்
சட்டைப் பையைத் துழாவினேன்.
காசு அவளிடம் இருந்தது.