ஆச்சரியக்குறி

நான்காம் தொகுதி வந்துவிட்டது.
சத்துவாச்சாரி தபால் நிலையத்தில்
சுங்கவரி கட்டிக் கையெழுத்திடும்போது
"என்ன சார், வெளிநாட்டு மருந்தா?" என்றார்
கவுண்டரில் இருந்த அம்மா.
வேலூருக்குப் பார்சல் என்றாலே மருந்துதான்.
ஆமாம் என்றேன்.
பெரிய பொய்யாகத் தோன்றவில்லை.

கெட்டி அட்டை. மடியில் வைத்தால் இரு தொடையும் மறையும்.
அங்கே ஏதோ வாரத்தாளில்
வாரம் இரண்டு பக்கமாக வந்த கதை.
அறுபது வருடம் கழித்துச் சாயம் மீட்டு
மறுபடி அச்சடித்திருக்கிறார்கள்.
ராணிப்பேட்டையிலிருந்து நாங்கள் அனுப்பும்
ஷூ மேல்தோல் போய்ச் சேரும் நாட்டிலிருந்து
ஏறக்குறைய அதே அளவு அட்டைப்பெட்டியில்
இது வருகிறது.
விலை, மூன்று ஜோடி ஷூ.
வீட்டில் ஒரு ஜோடி என்று சொல்லியிருக்கிறேன்.

கதைப்படி 1997-ல்
மனிதன் வெள்ளிக் கோளில் குடியேறிவிட்டான்.
சதுப்பு நிலம், ஊதா மழை,
கடல்மேல் கண்ணாடி நகரம்.
1997-ல் நான்
பிளஸ் டூ கணக்கில் ஒன்பது மார்க் குறைந்து
ஆற்காட்டில் ஒரு டுடோரியல் பெஞ்சில்
குடியேறியிருந்தேன்.
கர்னல் பிரெஸ்காட் பைப்பைப் பற்றவைத்தபடி
ராக்கெட்டிலிருந்து இறங்குகிறார்.
அந்தக் காற்றில் தீக்குச்சி எப்படி எரிந்ததென்று
அப்போது கேட்கவில்லை.
இப்போதும் கேட்கமாட்டேன்.

முதலில் படித்தது தமிழில்.
காட்பாடி ஜங்ஷன் பக்கம் தஸ்தகீர் கடையில்
அரை விலைக்கு.
உள்ளங்கை அளவு, சாணித்தாள், கறுப்பு வெள்ளை.
வெட்டி ஒட்டிக் குறுக்கியதில்
கர்னலுக்குப் பல கட்டங்களில் பாதித் தலைதான்.
வெள்ளியின் வானத்தை நானாகவே
பாலாற்று மணல் நிறத்தில் வைத்திருந்தேன்,
முப்பத்தைந்து வருடமாக.
இப்போது திறந்தால், பச்சை.
கோட்டை அகழிப் பாசிப் பச்சை.
ஒரு நாள் முழுக்கக் கோபம்.
மறுநாள் கொஞ்சம் பழகியது.
மூன்றாம் நாள்
அது வேறு நிறமாக இருந்திருக்கவே முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரிலிருந்து ஏசுபாதம்
பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தான்.
பொட்டலம் சமையலறைக்கு.
அவன் குழாயடிக்கு.
சோப்புப் போட்டு, துடைத்து,
முழங்கைவரை நீட்டிக் காட்டிய பிறகே
புத்தகம்.

நேராக அந்தப் பக்கத்துக்குப் போனோம்.
சதுப்பிலிருந்து எட்டுக்கால் ஜந்து எழுகிறது.
கப்பல் சமையல்காரன் பிக்ஸ்லி
வாணலியோடு நிற்கிறான்.
தமிழில் அவன் சொல்வான்:
"ஐயா, இதுக்கு எண்ணெய் பத்தாதே!"

தொழிற்சாலையில் பாய்லர் வெடித்த அன்று
அதைத்தான் சொன்னோம்.
பாலாறு கரை தொட்டு ஓடிய நவம்பரில்
பாலத்தில் நின்று சொன்னோம்.
ஏசுபாதம் தன் மகளின் காலேஜ் ஃபீஸ் ரசீதை
போனில் அனுப்பியபோது
நான் பதிலுக்கு அனுப்பியதும் அதுவே.

ஆங்கிலத்தில் பலூன் இருக்கிறது.
உள்ளே ஒரே ஓர் ஆச்சரியக்குறி.
வேறொன்றும் இல்லை.
அடுத்த கட்டம், முந்தின கட்டம்,
லென்ஸ் வைத்தும் பார்த்தாயிற்று.
பிக்ஸ்லி நாலு தொகுதியிலும்
சிரிக்கச் சொல்லி எதுவும் பேசவில்லை.
பாவம், நல்ல மனிதன். உப்புச்சப்பில்லை.

பழைய தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வந்தேன்.
அச்சகத்தின் பெயர் இருக்கிறது.
விலை இருக்கிறது. சந்தா விவரம் இருக்கிறது.
மொழிபெயர்த்தவர் பெயர் இல்லை.
யாரோ ஒருவர், ஏதோ ஒரு மத்தியானம்,
காலியான பலூனைப் பார்த்து
இவ்வளவு இடம் வீணாகிறதே என்று
நினைத்திருக்க வேண்டும்.

"பென்சில் குடு" என்றான் ஏசுபாதம்.
தொட்டால் மதிப்பு போய்விடும் என்றேன்.
"யாருக்குடா விக்கப் போற?"

பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.
2பி பென்சில். என் கையெழுத்து.
மூச்சைப் பிடித்துப் பொடியாக எழுதியும்
இடம் போதவில்லை.
கடைசி 'தே' மட்டும்
பலூனுக்கு வெளியே,
பச்சை வானத்தில்.