அடுத்த குமிழ்

"குக்கர்ல நாலு விசில் விட்டா ஆகாதா?" என்றேன்.
"ஆகாது" என்றாள் அமலி,
பதுவைக்குப் பக்கத்து ஊரிலிருந்து.
"மூணு மணி நேரம். கூடவும் ஆகலாம்.
உனக்கு வேற வேலை இருக்கா இன்னைக்கு?"

ஞானஒளிவுபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம்
யாருக்கு என்ன வேலை.
பூசைக்குப் போட்ட சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுப்
போனை உப்பு ஜாடிமேல் சாய்த்தேன்.
திரையில் அவள் நெற்றியும்
பின்சுவரில் ஒரு மரச்சிலுவையின் கீழ்ப்பாதியும்.

வெங்காயம், கேரட்.
செலரி என்று ஒன்று எழுதியிருந்தாள்.
மார்க்கெட்டில் அந்தப் பேருக்குக்
கொத்தமல்லிக் கட்டைத் தூக்கிக் காட்டினார்கள்.
அதன் தண்டை நறுக்கிப் போட்டேன், அவளிடம் சொல்லவில்லை.
கறி நெல்பேட்டையில் வாங்கியது.
மெஷினில் விடாமல் கத்தியால் கொத்தச் சொன்னதற்கு
"கோலாவுக்கும் ஆகாது, பிரியாணிக்கும் ஆகாது,
யாருக்குண்ணே இது?" என்று
கேட்டபடியே கொத்தினார் காஜாமைதீன்.

சிவக்கும்வரை கிண்டாமல் பார்த்துக்கொண்டு நிற்கச் சொன்னாள்.
நின்றேன்.
கிறிஸ்துமஸுக்குப் போட்டதில் மிஞ்சிய
கம்பம் திராட்சை ஒயின், அரை டம்ளர்.
சட்டியில் விழுந்ததும் அடுப்படி முழுக்க
நடுச்சாமப் பூசை முடிந்து வந்த வாசம்.
தக்காளி. அப்புறம் பால்.
"மாட்டுக்கறியில மாட்டுப்பாலா?"
"ஊத்துண்ணே. கறி மெத்துன்னு வரும்."
திரிந்துவிடும் என்று பார்த்தேன். திரியவில்லை.

"இப்பத் தீயைக் குறை. இன்னும். இன்னும்.
கொதிக்கக் கூடாது.
ஒரு குமிழ் வரணும், உடையணும்,
அடுத்தது வரலாமா வேணாமான்னு
யோசிச்சுத்தான் வரணும்."

முதல் ஒரு மணி நேரம்
வைகையில் தண்ணீர் விட்டதைப் பேசினோம்.
செபஸ்தியான் மாமா மகன் கல்யாணம் நின்றுபோனதை,
அங்கே மூன்றாவது மாடிப் பாட்டி ஒருத்தி
ஸ்பூனைக் களவாண்டு தலையணைக்கடியில் ஒளித்து வைப்பதை.
அப்புறம் பேச ஒன்றும் இல்லை.
திண்டுக்கல் பக்கம் போகிற ரயிலுக்குத்
தட்டுகள் லேசாக அதிர்ந்தன.
அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.
காய் நறுக்குகிற சத்தமா
நகம் கடிக்கிற சத்தமா தெரியவில்லை,
என்னவோ ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"எண்ணெய் பிரிஞ்சிருச்சா?"
"பிரியுது."
"நான் வெளிய வர்றேண்ணே."

வராந்தாவுக்கு என்று நினைத்தேன்.

"ரோமாபுரியிலருந்து தாள் வந்துருச்சு. ஜூனோட முடியுது.
யாரோடயும் சண்டை இல்ல.
ஜெபம் வருது. தூக்கமும் வருது.
இருக்க முடியல, அவ்வளவுதான்."

கரண்டி என் கையில் இருந்தது.
இருபத்திரண்டு வருடம் என்று ஏதோ கணக்குப் போட்டேன்,
தப்பாக வந்தது.

"அடுப்புல சட்டி இருந்தா
நீ போனை வைக்க மாட்டேன்னு நெனச்சேன்" என்றாள்.
"இனிமே உனக்கு மட்டும்தான் நான் சிஸ்டர்."
சிரித்தாள். சிரித்ததில் நெற்றி நகர்ந்துபோய்
அரைச்சிலுவை மட்டும் இருந்தது கொஞ்ச நேரம்.

கேட்க வேண்டியது நிறைய இருந்தது.
"உப்பு எப்பப் போடணும்?" என்று கேட்டேன்.
"கடைசியில."
"எவ்வளவு?"
"அது நீதான் பாக்கணும்."

முன்னறையில் அம்மா எழுந்துவிட்டாள்.
சுவரில் வெள்ளை முக்காட்டோடு அமலி,
வார்த்தைப்பாட்டு நாளில் எடுத்த படம்;
அதற்குக் கீழேதான் அம்மாவின் கட்டில்.
ஜெபமாலை கைவிரலில் சிக்கியபடியே வந்து நின்றாள்.

"என்னடா வாசம், அடி பிடிக்குதா?"
"இல்லம்மா."
"அமலி என்ன சொல்றா?"

போனைக் கவிழ்த்து வைத்தேன்.
கரண்டியைச் சட்டியின் அடிவரைக்கும் விட்டு
ஒருமுறை திருப்பினேன்.
"இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்ங்கிறா."