மணிக்கு முப்பது மில்லி

வயது வரம்பு முப்பத்தைந்து.
எனக்கு முப்பத்துநான்கும் ஏழு மாதமும்.
விண்ணப்ப வரிசையில் முன்னால் நின்றவள் திரும்பி
"யாருக்கு அட்மிஷன், பொண்ணுக்காம்மா?" என்றாள்.
பொண்ணு பிளஸ் ஒன் படிக்கிறாள் என்றேன்.
அது பொய்யில்லை.

பதினான்கு வருடம் ஏ.என்.எம்.
பெரம்பூரில் இருபது படுக்கை நர்சிங் ஹோம்.
ஊசி போட்டிருக்கிறேன், புண் கழுவியிருக்கிறேன்,
லிஃப்ட் நின்றுபோன ஒரு ராத்திரி
மாடிப்படித் திருப்பத்தில்
வழுக்கி வந்த குழந்தையைப் புடவைத் தலைப்பில் ஏந்தியிருக்கிறேன்.
ஆனாலும் சார்ட்டின் அடியில்
ஸ்டாஃப் நர்ஸ் என்று அச்சிட்ட கோட்டுக்கு
வெளியேதான் என் கையெழுத்து,
ஓரத்தில், கொஞ்சம் சரிந்து.

இப்போது ஜி.என்.எம். முதல் வருடம்.
பகலில் பூந்தமல்லிப் பக்கம் வகுப்பு.
வாரத்தில் மூன்று இரவு பழைய வேலை.
மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையை மூடிவிடுவார்கள்.
சுற்றிப் போகும் ஷேர் ஆட்டோவில்
எலும்புகளை மனப்பாடம் செய்கிறேன்.
பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்தவள்
படத்தின் விலாக்களை விரல்விட்டு எண்ணிவிட்டு
"இவ்ளோதானா?" என்கிறாள்,
ஏமாந்தவள் மாதிரி.

வகுப்பில் எல்லாருக்கும் பதினெட்டு.
என்னை அக்கா என்கிறார்கள், டிபன் பாக்ஸைத் திறந்துவைக்கிறார்கள்.
படுக்கை விரிக்கும் செய்முறையில்
மேடம் சொன்னார்:
"வேகம் வேண்டாம் ஜெயசீலி, புத்தகத்துல இருக்கற வரிசையில பண்ணுங்க."
மூலையை மடித்துக்கொண்டிருந்த கை
நடுவழியில் நின்றது,
யாருடைய கை என்று தெரியாமல்.

அதெல்லாம் பரவாயில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்தான்.

பெரியவர்களுக்குச் சிறுநீர்
மணிக்கு முப்பது மில்லிக்குக் கீழே போனால்
உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.
ஒற்றை வரி. அடிக்கோடு கூட இல்லை.

ஆறு வருடத்துக்கு முன், ஒன்பதாம் படுக்கை.
துரைக்கண்ணு, காசிமேட்டில் ஐஸ் உடைப்பவர்.
பையை மணிக்கொரு தரம் அளந்து எழுது என்றார்கள்.
அளந்தேன். எழுதினேன்.
பத்து மணி, இருபத்தைந்து.
பதினொன்று, இருபது.
பன்னிரண்டு, பதினைந்து.
ஒன்று, பத்து.
என்ன அழகான எண்கள்!
கோடு தாண்டாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல்.
அளக்கச் சொன்னார்கள்,
எதற்கென்று சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

நான்காம் நாள்
அவர் மகள் ஒரு பொட்டலம் பன் கொண்டுவந்தாள்.
"கடைசி வரைக்கும் நல்லா பாத்துக்கிட்டீங்க சிஸ்டர்."
பன்னை டூட்டி ரூமில் எல்லாருமாகப் பிய்த்துத் தின்றோம்.

சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா
தெரியவில்லை.
அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்,
எனிமா கொடுக்கும் முறை இருந்தது.

சமையல் மேடையில் எனக்கு எதிரே
மகள் கெமிஸ்ட்ரி எழுதிக்கொண்டிருந்தாள்.
"ஏம்மா அழுவுற, கஷ்டமா இருக்கா?"
இல்லடி, சுலபமா இருக்கு என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை. ஸ்கேலைக் கேட்டாள்.

நேற்று இரவு, நான்காம் படுக்கை.
இரண்டு மணிக்கு இருபத்தெட்டு.
குழாய் மடங்கியிருக்கிறதா பார்த்தேன், இல்லை.
மூன்று மணிக்கு இருபத்திரண்டு.
ஸ்டாஃப் இன்னொரு தளத்தில்.
டாக்டரின் எண்ணை அழுத்தினேன்.
ஒன்பது மணியடித்து எடுத்தார்.
குரலில் தூக்கமும் எரிச்சலும்.
"யார் பேசறது? ஸ்டாஃபா?"

இல்ல டாக்டர், ஜெயசீலி.
யூரின் கம்மியாகுது. ரெண்டு மணி நேரமா.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு செருப்பைத் தேடும் சத்தம்.