ஏழாவது வரி

வாடகை ஒப்பந்தத்தில் ஏழாவது வரி:
தரையில் கறை கூடாது.
ஆத்தங்குடிக் கல். வீட்டுக்காரர்
சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் பார்ப்பார்.

போகிக்குச் சோலைக்கு லீவில்லை, பேங்க்.
எனக்குச் சிகப்பி. இரண்டரை வயது.

ஜிப் கவருக்குள் மஞ்சள் பெயிண்ட், சிவப்பு பெயிண்ட்.
வாயை டேப்பால் ஒட்டிக் கொடுத்தேன்.
அமுக்கினாள். உள்ளே ஆரஞ்சு.
"சூயன்" என்றவள்
விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
விரலில் ஒன்றுமில்லை.
அதுதான் பிடிக்கவில்லை.

சோலையின் ஸ்டிக்கர் பொட்டு ஓர் அட்டை முழுக்கத்
காகிதத் தட்டில் மாடாயிற்று.
எட்டுக் கண் எதற்கு?
"பாக்குது."

கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீர்,
என் பழைய ஷேவிங் பிரஷ்.
முற்றத்துக் கல்லில் பானை வரைந்தாள், கரும்பு,
பிறகு நீளமாக அம்மா.
காரைக்குடி வெயில்
காலிலிருந்து அம்மாவைக் குடித்துக்கொண்டே வந்தது.

அழுவாள் என்றிருந்தேன்.
பிரஷைத் தோய்த்துக் காலைப் போட்டாள்.
அதற்குள் தலை போயிற்று.
தலையைப் போட்டாள்.
கை எங்கே என்று என்னைத் திட்டினாள்.
நானும் ஒரு துணியை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஸ்கூட்டி வந்து நின்றபோது
அம்மாவுக்கு இடுப்பு மட்டும் மிச்சம்.
தரையில் ஒரு கறை இல்லை.
என் கன்னத்தில்
மாட்டின் ஒரு கண்.