கோட்டுக்குக் கீழே

கொருக்குப்பேட்டை கேட் சாத்தியிருந்த நேரம்.
ஆயில் டேங்கர் வண்டி ஒன்று போகவும் இல்லை, நிற்கவும் இல்லை.
வண்டியை விட்டு இறங்காமல் ஹாரன் அடிப்பவர்களுக்கு நடுவே புகுந்து
நாகபூஷணம் கடைக்குள் வந்தாள்.

"தேசிங்கு பேனரு நீதான அடிச்ச?
அந்த மூஞ்சி இருக்கா உங்கிட்ட?"

பதினாறு வருஷம்.
காரியம் முடிந்த மறுநாள்
பேனரைக் கூரைக்குப் போட்டார்களாம்.
பேரும் தேதியும் கட்டில் பக்கம்,
முகம் அடுப்புக்கு நேர் மேலே.
புகை முதலில் கண்ணைத்தான் தின்றதாம்.

ஒரிஜினல் போட்டோ எங்கே என்றேன்.
"உங்கிட்டதான் குத்தேன். ஸ்கேன் பண்ணணும்னு வாங்கின."
திருப்பிக் கொடுத்தேனா?
எனக்கு நினைவில்லை. அவளுக்கும் இல்லை.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் டேங்கர்களை எண்ணினோம்.

பழைய சிபியூ பரண்மேல்
ஃப்ளெக்ஸ் துண்டுகளுக்கு அடியில் கிடந்தது.
உள்ளே பல்லி முட்டை ஓடுகள், ஒரு பாக்குப் பொட்டலம்.
ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி
ஈரமில்லாத துண்டின்மேல் படுக்க வைத்தேன்.
இர்ஃபானிடம் இரவல் வாங்கிய கேபிள்.
டக்.
டக்.
மேஜை அதிர்ந்தது, அது ரயில்.
டக் என்று இன்னொரு முறை,
பிறகு யாரோ தொண்டையைச் செருமியதுபோல்
சுற்றத் தொடங்கியது.

அனுமதி மறுக்கப்பட்டது என்றது திரை.
யாருடைய ஃபோல்டர் இது என்று உள்ளே போய்ப் பார்த்தேன்.
பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி,
பக்கத்தில் மூச்சு வாங்கும் நீளத்துக்கு ஒரு எண்.

அது நான்தான்.
அப்பா இனிஷியலோடு
காலை ஒன்பதுக்கு உள்ளே நுழைந்து
இரவு பத்துக்கு வெளியேறியவள்.
நாளைக்கு நூற்றிருபது ரூபாய், சனிக்கிழமை ஒரு டீ கூடுதல்.
அவள் பாஸ்வேர்டு இன்னும் எனக்குத் தெரியும்,
கேட்கத்தான் ஒருவரும் இல்லை.
உரிமையை மாற்று என்று அழுத்தினேன்.
தாலுகா ஆபீஸ் மாதிரி
ஒவ்வொரு ஃபைலாய்
யோசித்து யோசித்து என் பேருக்கு வந்தது.

அஞ்சலி ஃபோல்டரில் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
தேசிங்கு ஃபைனல். திறக்கவில்லை.
தேசிங்கு ஃபைனல் 2. பாதி சாம்பல் நிறம்.
தேசிங்கு கடைசி கடைசி.
திறந்தது.

அந்தக் காலத்து எழுத்துரு இந்த மிஷினில் இல்லை.
fz;zPu; mQ;ryp
என்று மேலே ஏதோ நெளிந்தது.
"இன்னா எழுதிக்கிது?" என்றாள்.
கண் திணறியது, விரல் படித்துவிட்டது:
கண்ணீர் அஞ்சலி.

முகம் இருந்தது.
முழுசாக, புகையில்லாமல்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
முந்தானையால் திரையைத் துடைத்தாள்.
அந்தப் புள்ளி தேசிங்குவின் மச்சம்.

பிரிண்ட் கொடுத்து அனுப்பியிருக்கலாம்.
பழைய கை சும்மா இருக்கவில்லை.
குத்துவிளக்கை அணைத்தேன்.
புறாக்கள் இரண்டையும், மேகத்தையும்.
பிறகு அந்த நீலக் கோட்டு, டை.
கூட்ஸ் ஷெட்டில் சிமெண்ட் மூட்டை தூக்கியவருக்கு
நான் தைத்துப் போட்டது.
கோட்டுக்குக் கீழே கட்டம் போட்ட சட்டை,
மேல் பட்டன் இல்லை.
இடது தோள் மட்டும் எங்கோ போய்க்கொண்டிருந்தது,
பாதியில் வெட்டுப்பட்டு.

வெட்டவில்லை நான். மறைத்துத்தான் வைத்திருக்கிறேன்.
அதையும் எடுத்தேன்.

காசிமேடு, கல் கொட்டிய கரை, வெயிலில் கூசும் கண்ணோடு அவள்.
தோளில் அவன் கை.
இருக்கிறவங்க முகம் அஞ்சலியில் வரக்கூடாது என்று
அன்றைக்கு முதலாளி சொன்னார்.

"இத்தினி நாளா என்னியும் உள்ளயே வச்சினு இருந்தியா?"
கோபமா என்று தெரியவில்லை.
கொஞ்சம் கிட்டே வந்து பார்த்தாள்.
"அது எங்கக்கா ஜாக்கெட்டு. கேக்காம எட்த்துனு போனேன்."

பொண்ணு கல்யாணப் பத்திரிகைக்குக் கோட்டு போட்டது போதுமாம்.
இன்னொன்று, இது,
சின்னதாக, பர்ஸ் அளவில்.
முப்பது ரூபாயை எண்ணி வைத்துவிட்டுப் போனாள்.
கேட் எப்போது திறந்தது என்று கவனிக்கவில்லை.

மூடப் போகும்போதுதான் பார்த்தேன்:
படத்தின் கீழ் விளிம்பில், வெள்ளையில்,
ஸ்கேனர் மூடிக்கு அடியில் மாட்டிக்கொண்ட
என் விரல் நுனி, மருதாணியோடு.
போட்டோவைப் பிடித்திருக்கிறது.
விட்டதா என்பது
அந்த ஃபைலில் இல்லை.